நானே சொல்லிக்கிறேன்

பிப்ரவரி 4

மருமகளுக்கு,

நான் எழுதறேன்னு உனக்கு ஆச்சரியமா இருக்கும். எனக்கே அப்படித்தான் இருக்கு. நீ அந்த ஊருக்கு வேலைக்குப் போனதிலிருந்து நானும் உன்கிட்ட பேசலை, நீயும் என்கிட்ட பேசலை. உன் புருஷன் மேஜை மேல கிடந்த கவர்ல உன் விலாசத்தைப் பார்த்து எழுதிக்கிட்டேன். அவன்கிட்ட கேக்கலை.

போன் பண்ணியிருக்கலாமேன்னு நினைப்பே. அவன் இப்ப வீட்டிலிருந்தே வேலை பாக்கறான். நான் இந்தப் பக்கம் தும்மினா அந்தப் பக்கம் "என்னம்மா"ங்கறான், சுவர் அவ்வளவு மெல்லிசு. என் போனுக்கு வர்ற மெசேஜ் எல்லாம் அவன் கம்ப்யூட்டர்லயும் வந்து நிக்குது. வசதிக்காக அப்படி வச்சிருக்கானாம். தபால்பெட்டி கீழ வாசல்கிட்ட இருக்கு, அதை நான்தான் திறக்கறேன். பதிலைத் தபால்லயே போடு.

இந்த நாட்டுக் குளிர் எலும்பைப் பிடிச்சு இழுக்குது. உன் புருஷன் சமைக்கறதைச் சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சு. எல்லாத்தையும் தண்ணியில வேக வச்சு வடிகட்டி, "ஆரோக்கியம்மா"ங்கறான். மேல் மாடிக்காரன் நாற்காலியைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் தலைமேலயே குடித்தனம் நடத்தறான்.

போன வாரம் இங்க இருக்கிற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவனே எல்லாத்தையும் சொல்லிட்டான். எனக்கு முட்டி வலியாம், தூக்கம் சரியில்லையாம், கவலை ஜாஸ்தியாம். டாக்டர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாரு. அதுக்கும் அவனே பதில். ஒரு களிம்பு கொடுத்து அனுப்பிட்டாங்க. அஞ்சே நிமிஷம்.

சரி, தாள் முடியப்போகுது. உடம்பைப் பார்த்துக்கோ.

மாமியார்

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப ரெண்டு மாசமா மறுபடி ரத்தம் படுது. ஒண்ணும் இருக்காதுன்னுதான் நினைக்கறேன். நீ கிளினிக்ல வேலை பாக்கறவளாச்சே, அதான் கேக்கறேன்.


பிப்ரவரி 8

அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் "வேலைக்குன்னு போறதுன்னா வீட்டுச் சாவியை வச்சிட்டுப் போ" என்று சொன்னதையும், உங்கள் பையன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் மறக்கவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. அதனால் அதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. கிளினிக்கின் முன் கவுண்ட்டரில் உட்கார்ந்து பெயர் பதிகிறவள். ஆனால் அங்கே உட்கார்ந்தே ஒன்றைத் தெரிந்துகொண்டேன். பாதிப் பேர் டாக்டரிடம் பல் வலி, சளி, முதுகு வலி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வெளியே வரக் கதவில் கை வைத்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்கிறார்கள். அப்போது நேரம் முடிந்திருக்கும். நீங்களும் அதையேதான் செய்திருக்கிறீர்கள். ஒரு தாள் முழுக்கக் குளிர், சமையல், நாற்காலி. ரத்தம் மட்டும் கையெழுத்துக்குக் கீழே.

மாதவிடாய் நின்று இத்தனை வருடம் கழித்து ரத்தம் வந்தால் கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும். பயப்படும்படி ஒன்றும் இல்லாமலும் போகலாம். பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த கடிதத்தை அதிலிருந்தே தொடங்குங்கள். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு படுகிறது, வலி உண்டா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா. டாக்டர் இதையெல்லாம் கேட்பார். என்னிடம் முதலில் சொல்லிப் பழகுங்கள்.

மருமகள்


பிப்ரவரி 13

மருமகளுக்கு,

ரத்தம்.

போதுமா? அதிலிருந்தே ஆரம்பிச்சிட்டேன். கவுண்ட்டர்ல உட்கார்ந்தா மாமியாருக்கே உத்தரவு போடத் தோணுமோ என்னவோ.

டிசம்பர் மாசம் முதல் தடவை. லேசா கறை. சூடுன்னு நினைச்சு விட்டுட்டேன். அப்புறம் வாரத்துல ரெண்டு நாள். இப்ப துணி வைக்கற அளவுக்கு இருக்கு. அடிவயிறு கனமா இருக்கு, வலின்னு சொல்ல முடியாது. பிரஷர் மாத்திரை ஒண்ணு. நெஞ்சுக்கு நல்லதுன்னு ரத்தத்தை இளக வைக்கற சின்ன மாத்திரை ஒண்ணு. அப்புறம் ஊர்லேருந்து கொண்டுவந்த பொடி, காலையில ஒரு ஸ்பூன். அது எதுக்குன்னு கேக்காதே, எனக்கே மறந்துபோச்சு. பழக்கமாயிடுச்சு.

குடும்பத்துல யாருக்குன்னு கேட்டே. என் அக்காவுக்கு. உன் புருஷனுக்கு "பெரியம்மா வயித்து வலியில போயிட்டாங்க"ன்னுதான் தெரியும். அவ ஒரு வருஷம் யார்கிட்டயும் சொல்லலை. எனக்குத் தெரியும். துணி துவைக்கறப்ப பார்த்துட்டேன். "யார்கிட்டயும் சொல்லாதடி"ன்னா, நானும் சொல்லலை. டாக்டர்கிட்ட போனப்ப புற்று கர்ப்பப்பையைத் தாண்டிப் போயிடுச்சுன்னாங்க.

நான் முப்பது வருஷம் தையல் கடை வச்சிருந்தவ. எத்தனை பொம்பளைங்களை அளவு எடுத்திருப்பேன். "கூச்சப்படாம நிமிர்ந்து நில்லும்மா, நானும் பொம்பளைதான்"னு ஆயிரம் பேர்கிட்ட சொல்லியிருக்கேன். என் உடம்பைப் பத்திச் சொல்ல எனக்கு வாய் வரலை பாரு.

ஒண்ணு யோசிச்சேன். மே மாசம் எப்படியும் ஊருக்குத் திரும்பறேன். அங்க நம்ம பாஷை, நமக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர். அதுவரைக்கும் இழுத்துக்கலாம் இல்லையா? இவன்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன். பெத்த பிள்ளைகிட்ட இதைச் சொல்லிட்டு அடுத்த வேளை சோத்துக்கு எதிர்ல எப்படி உட்கார்றது?

மாமியார்


பிப்ரவரி 17

அத்தைக்கு,

இழுத்துக்க முடியாது. மே மாதம் வரைக்கும் என்று இன்னொரு முறை எழுதினால் நான் அடுத்த ரயிலில் வந்து உங்கள் பையன் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். உங்களுக்கு என்னைத் தெரியும்.

உங்கள் அக்காவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எழுதக் கை எப்படி வந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அதை டாக்டரிடமும் சொல்லியே ஆக வேண்டும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். அதில் அவர்கள் மொழியில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறேன். பெண் டாக்டர் வேண்டும், தமிழ் பேசுகிற மொழிபெயர்ப்பாளர் வேண்டும், நான் தனியாகப் பார்க்க வேண்டும். காலையில் கிளினிக் திறந்ததும் நேரில் போய்க் கவுண்ட்டரில் கொடுங்கள். போனில் வேண்டாம். போனில் காக்க வைத்தால் நீங்கள் வைத்துவிடுவீர்கள். கவுண்ட்டரில் என்ன விஷயம் என்று கேட்டால் "பெண்கள் விஷயம், ரத்தம்" என்றால் போதும். அவர்களுடைய மொழியில் ரத்தத்துக்கு உண்டான வார்த்தையைச் சீட்டின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

உள்ளே பத்து நிமிடம்தான் கிடைக்கும். முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "எனக்கு மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்போது இரண்டு மாதமாக ரத்தம் வருகிறது, என் அக்கா கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார்." முட்டியைப் பற்றிப் பேசக் கூடாது. குளிரைப் பற்றியும் கூடாது. மாத்திரைகளைப் பெட்டியோடு எடுத்துப் போங்கள். பொடியையும் காட்டுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

டாக்டர் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லலாம். திரை போடுவார்கள், நர்ஸ் ஒருவரைக் கூட நிற்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம். தொடுவதற்கு முன்னால் உங்களைக் கேட்பார்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள். எளிதில் கழற்றி மாட்டுகிற உடையாகப் போட்டுக்கொண்டு போங்கள். டாக்டர் அறையிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் "அடுத்து என்ன, எப்போது" என்று கேளுங்கள். பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

மருமகள்


பிப்ரவரி 22

மருமகளுக்கு,

வர்ற வியாழக்கிழமை காலையில நேரம் கொடுத்திருக்காங்க.

பால் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். கவுண்ட்டர்ல ஒரு சின்னப் பொண்ணு, காதுல மூணு வளையம், மூக்குல ஒண்ணு. சீட்டைப் பார்த்துட்டு ஏதோ கேட்டா. நீ எழுதின வார்த்தையைச் சொன்னேன். புரியலை. மறுபடி சொன்னேன். மூணாவது தடவை கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன் போலிருக்கு, பின்னாடி வரிசையில நின்ன பெரியவர் ரெண்டு அடி தள்ளி நின்னுக்கிட்டாரு. அந்தப் பொண்ணு சிரிக்கலை. எழுந்து வந்து என் கையைத் தொட்டு ஒரு அட்டையில தேதி எழுதிக் கொடுத்தா. நீயும் உன் கவுண்ட்டர்ல அப்படித்தான் இருப்பியோன்னு நினைச்சேன். கேக்கலை, நினைச்சேன்.

திரும்பி வந்ததும் உன் புருஷன், "பால் எங்கம்மா?"ன்னான். மறந்தே போச்சு. அட்டையை வேற பார்த்துட்டான். "முட்டிக்கா? நானும் வர்றேன், உனக்குப் பாஷை தெரியாது"ன்னான். "வா, ஆனா வெளியில உட்காரு. நானே சொல்லிக்கிறேன்"னேன். மூஞ்சி சுருங்கிடுச்சு. என்னை ஏதோ தப்புப் பண்ணினவனாட்டம் பாக்கறேங்கறான். பண்ணலைடா, பேசாம இருன்னு சொல்லிட்டேன்.

தினம் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாக்கறேன். முதல் பாதி வந்துடுது. அக்கான்னு வர்ற இடத்துல குழாயை மூடிட்டு வெளியில வந்துடறேன். விட மாட்டேன். வியாழக்கிழமைக்குள்ள பழகிடுவேன்.

பொம்பளை மொழிபெயர்ப்பாளர்தானே போடுவாங்க? அதை மட்டும் சொல்லு.

அத்தை


பிப்ரவரி 24

அத்தைக்கு,

அவசரமாக எழுதுகிறேன், வியாழனுக்குள் கிடைக்க வேண்டும்.

பெண் குரல்தான் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. யார் கிடைக்கிறார்களோ அவர்கள் போனில் வருவார்கள். ஆண் குரல் வந்தால் வேறு ஆள் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அன்றைக்கு வேறு ஆள் இல்லையென்றால் இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போகும். அந்த இடத்தில் முடிவு உங்களுடையது.

என் கவுண்ட்டரைப் பற்றி நினைத்தீர்கள் என்று எழுதியதைப் படித்தேன்.

மருமகள்


பிப்ரவரி 28

மருமகளே,

சொல்லிட்டேன்.

எல்லாத்தையும் எழுதறேன், நீ பக்கத்துல இல்லையேன்னு இருந்துச்சு. டாக்டரம்மாவுக்கு என் தங்கச்சி வயசு இருக்கும். கிராப்பு வெட்டின முடி. மேஜை மேல போனை வச்சு ஸ்பீக்கர் போட்டாங்க. "வணக்கம்மா"ன்னு குரல் வந்துச்சு. ஆம்பளைக் குரல். அதுவும் இருபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்காது.

எழுந்து போயிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. வேற ஆள் இருக்காங்களான்னு கேட்டேன். இன்னிக்கு இல்லை, பொம்பளையாளுன்னா அடுத்த மாசம் நடுவுலன்னாங்க. அக்கா ஒரு வருஷம் தள்ளிப்போட்டா. நான் அடுத்த மாசம்னு ஆரம்பிச்சா அதுவும் அப்படித்தான் போகும்னு தோணுச்சு. இந்தத் தம்பியே இருக்கட்டும்னு சொல்லிட்டேன்.

அப்புறம் குழாய்ச் சத்தம் கேக்கற மாதிரியே நினைச்சுக்கிட்டு, சுவரைப் பார்த்து, முழு வாக்கியத்தையும் சொன்னேன். அக்காவையும் சேர்த்து. நிறுத்தாம.

போன்ல அந்தத் தம்பி டாக்டரம்மாகிட்ட ஏதோ ரெண்டே வார்த்தை சொன்னான். நான் சொன்னது எவ்வளவு நீளம், அவன் சொன்னது எவ்வளவு குட்டை! டாக்டரம்மா தலையாட்டிட்டுக் கம்ப்யூட்டர்ல தட்ட ஆரம்பிச்சாங்க. ஏதோ கேட்டாங்க. அவன் சொல்றான், "அம்மா, இந்தக் களைப்பு எத்தனை நாளா இருக்குன்னு கேக்கறாங்க."

"களைப்பா? நான் எப்ப தம்பி களைப்புன்னேன்?"

"இல்லம்மா... உடம்பு பலவீனமா இருக்குன்னு... அதை எப்படிச் சொல்றதுன்னு..."

"ரத்தம் போகுதுன்னேன். அதை அப்படியே சொல்லு."

"சொல்றேம்மா, கொஞ்சம்..."

என் பையனே அந்தப் போனுக்குள்ள உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. எனக்கு வந்த கோபத்துல கூச்சம் எங்க போச்சுன்னே தெரியலை. டாக்டரம்மா கையை மேஜை மேல வச்சே பிடிச்சுக்கிட்டேன். நீ சொல்லிக்கொடுத்த வார்த்தையைச் சொன்னேன். என் அடிவயித்தைத் தொட்டுக் காட்டினேன். ரெண்டு விரலை நீட்டி, சுவர்ல மாட்டியிருந்த காலண்டர்ல ரெண்டு மாசத்தைக் காட்டினேன்.

தட்டறதை நிறுத்திட்டாங்க. நாற்காலியோட என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாங்க. போனைப் பார்த்து என்னமோ கறாரா சொன்னாங்க. அந்தத் தம்பி, "மன்னிச்சுக்கங்கம்மா, இனிமே நீங்க சொல்றதை ஒரு வார்த்தை விடாம சொல்றேன்"ன்னான். அப்புறம் நிஜமாவே சொன்னான். பாவம். அவனுக்கும் அம்மா இருப்பா இல்ல.

மாத்திரைப் பெட்டியையும் பொடியையும் எடுத்து வச்சேன். பொடியை மோந்து பார்த்துட்டு, பரிசோதனை எல்லாம் முடியற வரைக்கும் வேண்டாம்னாங்க. திரை போட்டாங்க, நர்ஸ் வந்து நின்னா. நீ சொன்ன மாதிரியே ஒவ்வொண்ணுக்கும் கேட்டுட்டுத்தான் தொட்டாங்க. கஷ்டமாத்தான் இருந்துச்சு. நான் அளவு எடுக்கறப்ப பேச்சுக் கொடுத்துக்கிட்டே எடுப்பேன், அந்த நர்ஸும் புரியாத பாஷையில பேசிக்கிட்டே இருந்தா.

அடுத்து என்ன, எப்பன்னு கேட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரம்னு போட்டு எழுதறாங்களாம். ரெண்டு வாரத்துக்குள்ள ஸ்கேன், உள்ளேருந்து துளி சதை எடுத்துப் பாக்கறது. பதிலை வாங்கிக்கிட்டுத்தான் எழுந்தேன்.

வெளியில உன் புருஷன் ரெண்டு கையிலயும் பேப்பர் கப்போட நிக்கறான். டீ ஆறிப்போயிருந்துச்சு. "முட்டிக்கு என்னம்மா சொன்னாங்க?"ன்னான். நான் வாங்கிக் குடிச்சேன்.

அத்தை


மார்ச் 4

அத்தைக்கு,

கடிதத்தைக் கவுண்ட்டரிலேயே வைத்துப் படித்தேன். கூட வேலை பார்க்கிறவள் என்னவென்று கேட்டாள். அவளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வரும், போன் வரும். அதற்கு முன்னால் உங்கள் பையனிடம் சொல்லிவிடுங்கள். டாக்டரிடம் தனியாகப் பேசியது சரி. ஆனால் சதை எடுத்த அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் தனியாக வர முடியாது. நான் சொல்ல மாட்டேன். அவரும் நானும் பேசிப் பல நாள் ஆகிறது, முதல் பேச்சு இதுவாக இருக்கக் கூடாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மருமகள்


மார்ச் 23

மருமகளே,

புற்றுதான். ஆனா உள்ளேயே இருக்காம், வெளியில தாண்டலையாம். கர்ப்பப்பையை எடுத்துட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சுதுங்கறாங்க. அடுத்த மாசம் எட்டாம் தேதி ஆபரேஷன். இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா பேச்சே வேறன்னு பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு.

உன் புருஷன்கிட்ட ஸ்கேனுக்கு முந்தின நாளே சொல்லிட்டேன். அவன் பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தான். முதுகைப் பார்த்துச் சொல்றது சுலபமா இருந்துச்சு. தட்டைக் கீழ வச்சுட்டுக் குழாயை மூடினான்.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"ன்னான்.

"நீ முட்டியைக் கேட்டே, நான் முட்டியைச் சொன்னேன்"னேன்.

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன். ஆனா வாயைத் திறக்கவாவது நீ இடம் விட்டிருக்கலாம்."

ரிசல்ட் சொல்ற அன்னிக்கு உள்ளே வந்தான். நான்தான் வரச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசலை. டாக்டர் என்னைப் பார்த்துக் கேக்க, நான் மொழிபெயர்ப்பாளர்கிட்ட சொல்ல, அவன் என் கைப்பையை மடியில வச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தான். அன்னிக்கு வந்தது பொம்பளைக் குரல். எனக்கு அது பெரிசாவே படலை.

ராத்திரி தனியாப் படுத்திருக்கறப்ப பயமா இருக்கு. பகல்ல இல்லை.

அத்தை


ஏப்ரல் 26

மருமகளே,

இப்பத்தான் உட்கார்ந்து எழுத முடியுது. எடுத்ததைப் பரிசோதனை பண்ணிட்டாங்க, மிச்சம் ஒண்ணும் இல்லையாம். வேற மருந்து வேண்டாம், அப்பப்ப வந்து காட்டினா போதும்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் அன்னிக்கு நீ வந்து வராந்தாவுல உட்கார்ந்திருந்ததா மொழிபெயர்ப்பாளர் மூலமா நர்ஸ் சொன்னா. நான் கண் முழிக்கறதுக்குள்ள ரயிலுக்குக் கிளம்பிட்டியாம். உன் புருஷன் சொல்லவே இல்லை. கேட்டா, "அவதான் சொல்ல வேண்டாம்னா"ங்கறான். ரெண்டு பேரும் பேசினீங்களான்னு கேட்டேன். "டீ வாங்கிக் கொடுத்தேன்"ங்கறான். இவனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது.

இங்க என்னால தேற முடியாது. புரண்டு படுத்தா ஓடி வர்றான். கொதிக்க வச்ச காய்கறியை அரைச்சு வேற கொடுக்க ஆரம்பிச்சிட்டான். டிக்கெட்டை மாத்தியாச்சு, ஊருக்கு இப்ப போகலை. அடுத்த பரிசோதனை வரைக்கும் உன் ஊர்ல, உன்கூட இருக்கலாமான்னு கேக்கறேன். உன் வீட்டுல ஒரே ரூம்னு தெரியும். முடியாதுன்னா முடியாதுன்னே எழுது. வருத்தப்பட மாட்டேன். பட்டாலும் உனக்கு எழுத மாட்டேன்.

அத்தை


ஏப்ரல் 30

அத்தை,

வாங்க.

ஒரே ரூம்தான், ஒரே கட்டில்தான். கட்டில் உங்களுக்கு, சோபா எனக்கு. இதுல சண்டை வேண்டாம். காலையில ஏழரைக்குக் கிளம்பினா சாயந்திரம்தான் திரும்புவேன். என் சமையல்ல குறை இருந்தா என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, போன்ல உங்க தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க. நீங்க அன்னிக்குச் சொன்ன வார்த்தை எனக்குள்ள இன்னும் இருக்கு. தையல் ஆறினதும் அதையும் பேசிடுவோம். எனக்கும் உங்ககிட்ட சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு.

உங்க பையன் கொண்டுவந்து விடட்டும். மேல வரட்டும், உட்காரட்டும். ஆனா எங்க விஷயத்தை அவருக்காக நீங்க பேசக் கூடாது. அவரே பேசட்டும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வர்ற வண்டியில ஏறுங்க, அதுல கூட்டம் இருக்காது. பையைத் தூக்காதீங்க, குனியாதீங்க. பிளாட்பாரத்துல இறங்கினதும் படி பக்கம் போகாதீங்க, லிஃப்ட் கடைசியில இருக்கு. தேட வேண்டாம். உங்க ரயில் பெட்டி நிக்கற இடத்துலயே நான் நிப்பேன்.

மருமகள்